ஓட்டேரியில் ஃபிளாட் வாங்கலாமா, மெட்ரோவால் விலை ஏற்கெனவே ஏறிவிட்டதா?

அயனாவரம்_வாடகைவாசி | 2025 ஏப்ரல் 12

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக அயனாவரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன். வாடகை 16,000. வீட்டுக்காரர் ஜூனிலிருந்து 19,000 கேட்கிறார். எனக்கு எழும்பூரில் வேலை, பிரச்சினை இல்லை. கணவருக்குச் சோழிங்கநல்லூர். போக வர மூன்று மணி நேரம் போய்விடுகிறது.

சேமிப்பு 22 லட்சம் இருக்கிறது. இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

முதல் வீடு ஓட்டேரியில். குக்ஸ் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, கட்டிக்கொண்டிருக்கும் 20 வீட்டுக் கட்டிடம். இரண்டு படுக்கையறை, 920 சதுர அடி என்கிறார்கள் (உள்ளே புழங்கும் இடம் 660தான்). யுடிஎஸ் (நிலத்தில் நம் பங்கு) 310. விலை 78 லட்சம். 2026 டிசம்பரில் சாவி.

இன்னொன்று பெரம்பூர் ஜவகர் நகர் பக்கம், 27 வருடப் பழைய கட்டிடத்தில் முதல் மாடி. 850 சதுர அடி, யுடிஎஸ் 480, விலை 62 லட்சம். லிஃப்ட் கிடையாது. குளியலறையைப் பார்த்தால் அழுகை வரும்.

ஓட்டேரிக்காரர்கள் "மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டால் ஒன்றரை மடங்கு மேடம்" என்கிறார்கள். என் மாமியார் "அந்தப் பக்கமா? வேற ஏரியாவே கிடைக்கலையா?" என்கிறார். இரண்டு பேரில் யாரை நம்புவது?

குடியிருக்கத்தான் வாங்குகிறோம். ஆனால் ஏழெட்டு வருடத்தில் பையன் படிப்புக்காக இடம் மாறினாலும் மாறுவோம். அதனால் முதலீடாகவும் பார்க்க வேண்டியிருக்கிறது.

---

ஓஎம்ஆர்_ஓனர் | ஏப்ரல் 12

அதே 78 லட்சத்துக்கு நாவலூர் தாண்டி மூன்று படுக்கையறை, நீச்சல் குளம், ஜிம் எல்லாம் கிடைக்கும். கணவருக்கு ஆபீஸ் பக்கம். எதற்கு ஓட்டேரி?

---

ஜவகர்நகர்_ஜன்னல் | ஏப்ரல் 12

குளத்தில் தண்ணீர், குழாயில் டேங்கர். அங்கே என் தம்பி இருக்கிறான், தெரியும்.

---

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 12

சகோதரி, விலையை 78 என்று நினைக்காதீர்கள். கட்டி முடிக்காத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 3.9 லட்சம். (ஒரு சதவீதச் சலுகை 45 லட்சத்துக்குள், 60 சதுர மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு மட்டும். உங்கள் 660 சதுர அடி அதையும் ஒரு சதுர மீட்டரில் தாண்டிவிடுகிறது!) புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். அது 5.46 லட்சம். இதுவரை 87.36. கார் நிறுத்துமிடம், மின் இணைப்பு, சங்க வைப்புத்தொகை, மரவேலை என்று 90ஐத் தொட்டுவிடும்.

இந்த அளவுக் கடனுக்கு வங்கி விலையில் 80 சதவீதம் வரைதான் தரும், அதாவது 62.4 லட்சம். பதிவுச் செலவை அதில் சேர்க்க மாட்டார்கள். மீதி 27 லட்சத்துக்கு மேல் உங்கள் கையிலிருந்து போக வேண்டும், உங்களிடம் இருப்பது 22. அந்த இடைவெளியைத் தனிநபர் கடன் வாங்கியோ நகையை வைத்தோ அடைத்தால் கதை முடிந்தது. 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு இஎம்ஐ 54,000 வரும்.

பழைய வீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் மறுவிற்பனை என்பதால் 7ம் 2ம் சேர்த்து 9 சதவீதம். 5.58 லட்சம். சீர் செய்ய 5 லட்சம் வைத்தால் 72.6. கடன் 49.6, இஎம்ஐ 43,000, கைப்பணம் 23 லட்சம். இதுவும் இறுக்கம்தான், ஆனால் மூச்சு விடலாம்.

முதலீட்டுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஓட்டேரி வீட்டுக்கு மாதம் 20,000 வாடகை வந்தால் வருடம் 2.4 லட்சம். நீங்கள் போட்ட 90க்கு 2.7 சதவீதம். வட்டியோ 8.5. நடுவில் இருக்கும் 6 சதவீதத்தை வீட்டின் விலை ஏறித்தான் நிரப்ப வேண்டும். ஏழு வருடம் கழித்து 1.35 கோடிக்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. வாங்கிய விலையான 78லிருந்து பார்த்தால் வருடம் 8 சதவீதம், விடாமல் ஏழு வருடம். அதற்கு மேல்தான் லாபம். அந்த லாபத்திலும் 2024 ஜூலைக்குப் பிறகு வாங்குகிறவர்களுக்கு இண்டெக்சேஷன் (விலைவாசிக்கேற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிடுவது) கிடையாது, நேராக 12.5 சதவீத வரி.

"ஒன்றரை மடங்கு" என்று அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 78ல் ஒன்றரை மடங்கு 117. அது உண்மையே ஆனாலும் ஏழு வருடத்தில் உங்களுக்கு நஷ்டம்தான்.

---

அயனாவரம்_வாடகைவாசி | ஏப்ரல் 12

அந்தக் கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். ஆனால் குடியிருந்தால் நான் கொடுக்கும் வாடகை மிச்சம்தானே?

---

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 12

அந்த 2.4 லட்சம்தான் அந்த மிச்சம். ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணக் கூடாது.

---

தண்டையார்பேட்டை_தங்கம் | ஏப்ரல் 13

மெட்ரோ வந்து பார்த்த ஏரியாக்காரி சொல்கிறேன். எங்கள் பக்கம் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14ல் திறந்தார்கள். அதற்கு முன்னால் எத்தனை வருடம் தோண்டினார்கள் என்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடை வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் அத்தானின் பாத்திரக் கடைக்கு முன்னால் தகரத் தடுப்பு நின்ற காலத்தில் வாடிக்கையாளர் எல்லாம் வேறு பக்கம் போய்விட்டார்கள். தடுப்பை எடுத்த பிறகும் பாதிப் பேர் திரும்பி வரவில்லை.

விலை ஏறியதா என்றால் ஏறியது. ஆனால் எல்லாத் தெருவிலும் ஏறவில்லை. ஸ்டேஷன் வாசலிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வீடு என்கிற தெருக்களில் வாடகைக்குப் போட்டி. அதைத் தாண்டி, ஆட்டோ வைத்துத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்கிற இடத்தில் பெரிய மாற்றம் நான் பார்க்கவில்லை. விளம்பரத்தில் "மெட்ரோவிலிருந்து 500 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள். அது காக்கை பறக்கும் தூரம். பையன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு.

இன்னொன்று, ஓட்டேரி ஸ்டேஷனின் வாசல்கள் எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

---

ஜவகர்நகர்_ஜன்னல் | ஏப்ரல் 13

தங்கம் அக்கா சொல்வது சரி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இரண்டாம் கட்டத்தின் மூன்றாவது வழித்தடம் மாதவரம் பால்பண்ணையில் தொடங்கிப் பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம், புரசைவாக்கம் வழியாக நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், அடையாறு போய், ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நெடுக ஓடி சிறுசேரி சிப்காட்டில் முடிகிறது. வட சென்னைக்காரன் வண்டி மாறாமல் சோழிங்கநல்லூரில் இறங்கலாம். இது நடந்தால் உங்கள் கணவரைப் போன்றவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வீடு தேடுவார்கள். விலை ஏறும் என்று சொல்வதற்கு ஒரே வலுவான காரணம் இதுதான். ஸ்பெக்ட்ரம் மால், புதுப் பூங்கா, 2024ல் அறிவித்த 4,181 கோடி ரூபாய் வட சென்னை வளர்ச்சித் திட்டம், பெரம்பூரில் நான்காவது ரயில் முனையம் என்ற பேச்சு, இதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

எப்போது நடக்கும் என்பதில்தான் சிக்கல். இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி. மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததே 2024 அக்டோபரில்தான். மாதவரத்தில் 'நீலகிரி' என்று பெயர் வைத்த சுரங்க இயந்திரத்தை 2022 அக்டோபரில் இறக்கினார்கள். (எந்திரத்துக்கெல்லாம் மலை, ஆறு, பறவை என்று பெயர். நல்ல ரசனை, நல்ல வேகமும் இருந்தால் தேவலை.) மேடம் ஏழெட்டு வருடத்தில் விற்கலாம் என்கிறார். அதில் எத்தனை வருடம் ரயில் ஓடும் என்பதை யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

---

பட்டாளம்_பழசு | ஏப்ரல் 13

நான் இந்த மண்ணில் 68 வருடம் இருப்பவன். என் தாத்தா பி அண்டு சி மில்லில் நெசவுப் பிரிவு. 1918ல் வாடியா, திரு.வி.க. எல்லாம் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அவர் சின்னப் பையன். 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நடந்த கலவரத்தை அவர் அப்பா சொல்லக் கேட்டு எங்களுக்குச் சொல்வார். மில் சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். 1996ல் மூடினார்கள். சங்கு நின்ற பிறகு இந்த ஏரியாவுக்கு ஏறக்குறைய இருபது வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. இப்போது அந்த மில் நிலத்தில் அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் சுற்றியிருக்கிற இரண்டு சென்ட், மூன்று சென்ட்காரர்கள் எல்லாம் விலை சொல்லத் தொடங்கினார்கள்.

அம்மா, நான் சொல்ல வந்தது தண்ணீர். விலை, ரயில் எல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும்.

ஓட்டேரி நல்லா என்கிற கால்வாய் அயனாவரம் பக்கமிருந்து வந்து ஓட்டேரி, புளியந்தோப்பைத் தொட்டுக்கொண்டு பேசின் பிரிட்ஜ் பக்கம் பக்கிங்காம் கால்வாயில் போய்ச் சேருகிறது. கடலில் நீர்மட்டம் ஏறி நின்றால் பக்கிங்காம் வாங்காது. பக்கிங்காம் வாங்காவிட்டால் நல்லா வாங்காது. நல்லா வாங்காவிட்டால் தண்ணீர் நம் வாசலில்தான் நிற்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நான் மூன்று நாள் மொட்டை மாடியில் அடுப்பு வைத்துச் சமைத்தேன்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். 1983ல் எங்கள் வீட்டுக்குள் போக மூன்று படி ஏற வேண்டும். இப்போது ஒரு படி இறங்க வேண்டும். வீடு அங்கேயேதான் இருக்கிறது.

தெருவுக்குத் தெரு வித்தியாசம் உண்டு. ஓட்டேரி முழுக்க மூழ்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தெரு தள்ளினால் காய்ந்து கிடக்கும். ஆகவே புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள். பக்கத்து வீடுகளில் மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறது, மோட்டாரைத் திண்டு கட்டி ஏற்றி வைத்திருக்கிறார்களா, வாசலில் புதிதாகச் செங்கல் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் எதுவும் கேட்க வேண்டாம்.

---

அயனாவரம்_வாடகைவாசி | ஏப்ரல் 14

ஐயா, இன்று புத்தாண்டு விடுமுறை, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேராகப் போய்ப் பார்த்தேன். ஓட்டேரி கட்டிடத்துக்கு எதிர் வரிசையில் நான்கு வீட்டில் மூன்றில் மீட்டர் பெட்டி என் தோள் உயரத்துக்கு மேல். இஸ்திரிக்காரர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். விற்பனைப் பையன் "நாங்கள் கீழ்த்தளத்தில் பார்க்கிங் மட்டும்தான் மேடம், வீடெல்லாம் மேலே" என்றார். அப்படியானால் ஸ்கூட்டர் என்ன ஆகும், லிஃப்ட் என்ன ஆகும், ஜெனரேட்டர் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்.

ஜவகர் நகர் தெருவில் "முட்டிக்குக் கீழே, மறுநாள் வடிஞ்சிடும்" என்றார்கள். எவ்வளவு நம்பலாம்?

---

பட்டாளம்_பழசு | ஏப்ரல் 14

வீடு விற்கிறவர் சொன்னாரா, பால் போடுகிறவர் சொன்னாரா என்பதைப் பொறுத்தது. மழையில் ஒருநாள் போய் நின்று பாருங்கள்.

---

புளியந்தோப்பு_பையன் | ஏப்ரல் 14

இந்த இழையை ரெண்டு நாளாகப் படிக்கிறேன். எல்லோரும் விலை ஏறுமா ஏறாதா என்றே பேசுகிறீர்கள். ஏறுவது எப்படி என்று ஒரு பக்கத்துக் கதை சொல்கிறேன்.

நாங்கள் இருந்தது ஒரே வளாகத்தில் ஆறு குடித்தனம். பொதுக் கழிவறை, பொதுக் குழாய். வாடகை 5,500. வீட்டுக்காரர் நல்லவர், 30 வருடப் பழக்கம். போன வருடம் ஒரு பில்டரோடு கூட்டு ஒப்பந்தம் போட்டார், பாதி பாதி. எங்களுக்கு மூன்று மாத நேரம், அட்வான்ஸ் திரும்ப. சண்டை எதுவும் இல்லை. ஆறு குடும்பத்தில் ரெண்டு மாதவரம் தாண்டிப் போனது, ஒன்று செங்குன்றம், ஒன்று சொந்த ஊருக்கே. எங்கள் அம்மா புரசைவாக்கத்தில் மூன்று வீட்டில் வேலை செய்கிறார். நாங்கள் மட்டும் பக்கத்திலேயே 9,000க்கு ஒரு அறை பிடித்துக்கொண்டோம். பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள், 90,000. வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தோம்.

புதிதாக வந்த கட்டிடத்தில் வாடகைக்கு விசாரித்தேன். சும்மாதான். "அசைவம் சமைப்பீர்களா?" என்பது முதல் கேள்வி. ஆட்டுத்தொட்டி இருக்கிற புளியந்தோப்பில்!

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியில் புளியந்தோப்பு என்று போடாமல் பெரம்பூர் என்று போடுகிறவன் நான். இப்போது பில்டரும் அதையேதான் செய்கிறார், போர்டில் "பெரம்பூர்" என்று போட்டுக்கொள்கிறார். எனக்காவது காரணம் இருந்தது.

அக்கா வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கட்டிடத்துக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

---

ஓஎம்ஆர்_ஓனர் | ஏப்ரல் 14

தம்பி, வருத்தமாக இருக்கிறது. ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரர் தன் நிலத்தில் கட்டுவது தப்பா? எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

---

புளியந்தோப்பு_பையன் | ஏப்ரல் 14

தப்பு என்று எழுதியிருக்கிறேனா? மறுபடி படியுங்கள் சார்.

---

அயனாவரம்_வாடகைவாசி | ஏப்ரல் 14

கேட்டேன் தம்பி. எட்டுக் குடித்தனம் இருந்ததாம். ஒரு தையல் கடையும்.

எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் 19,000 கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான். "மெட்ரோ வருது இல்லம்மா" என்றார். ரயில் இன்னும் வரவில்லை, வாடகை வந்துவிட்டது. நானும் துரத்தப்படுகிறவள்தான், போகிற இடத்தில் இன்னொருவரைத் துரத்துகிறேன் போலிருக்கிறது.

---

பத்திரம்_படிப்பவன் | ஏப்ரல் 15

வக்கீல் அலுவலகத்தில் 14 வருடம் பத்திரம் படித்தவன். மேடம் இன்னும் ஆவணம் பற்றியே கேட்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

வட சென்னையில் நிலம் எல்லாம் கைமாறிக் கைமாறி வந்தவை. பழைய குடும்பச் சொத்து, பாகப்பிரிவினை, வாய்மொழிப் பங்கு, கோயில் மனை எல்லாம் கலந்து கிடக்கும். கோயில் மனை என்றால், கட்டிடம் மட்டும் குடியிருப்பவருடையது, நிலம் சாமியுடையது. அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. "இங்கே எல்லோரும் இப்படித்தான் சார் வாங்கியிருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

வில்லங்கச் சான்று இணையத்திலேயே 1975லிருந்து எடுக்கலாம். 30 வருடம் போதும் என்பார்கள், நான் 1975லிருந்தே எடுப்பேன், செலவு கொஞ்சம்தான். டவுன் சர்வே பதிவேட்டு நகலில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள், ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

ஓட்டேரிக் கட்டிடத்துக்கு: 20 வீடு என்றால் ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) கட்டாயம் பதிந்திருக்க வேண்டும். எட்டு வீட்டுக்கு மேல் அல்லது 500 சதுர மீட்டருக்கு மேல் போனாலே பதிவு வேண்டும். பதிவு எண்ணை வாங்கி, அங்கே காட்டியிருக்கும் முடிக்கும் தேதியையும் உங்களிடம் சொன்ன தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பலமுறை இரண்டும் ஒன்றாக இருக்காது. கூட்டு ஒப்பந்தத்தில் கட்டியதென்றால் உங்கள் வீடு பில்டர் பங்கிலா நில உரிமையாளர் பங்கிலா என்று கேளுங்கள். எதுவும் சொல்லாமல் இரண்டு பேரும் ஒரே வீட்டைக் காட்டிய கதை எங்கள் அலுவலகத்துக்கே வந்திருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று ரேரா சட்டத்தில் இருக்கிறது, ஒப்பந்தத்தில் அதைக் குறைத்து எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலர் கேட்கும் இன்னொன்று: மனைவி பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையுமே என்று. இந்த ஏப்ரல் 1 முதல் வந்த அந்தச் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். ஓட்டேரியில் 10 லட்சத்துக்கு என்ன கிடைக்கும்? கார் நிறுத்துமிடம் கிடைக்கலாம்.

---

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 15

50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுப்பதில் 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவர் கணக்கில் வருமான வரி) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். மறந்தால் அபராதம் உங்களுக்கு.

---

ஜவகர்நகர்_ஜன்னல் | ஏப்ரல் 16

பழைய வீட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நான் அதே மாதிரி ஒரு 12 வீட்டுக் கட்டிடத்தில் ஆறு வருடமாகச் சங்கச் செயலாளர். யாரும் விரும்பி வாங்காத பதவி.

480 சதுர அடி யுடிஎஸ் என்பது உங்களுக்கு நிஜமான சொத்து. கட்டிடம் வருடா வருடம் தேயும், நிலம் தேயாது. புதுசில் 78 லட்சத்துக்கு 310 சதுர அடி நிலம், பழசில் 62 லட்சத்துக்கு 480. நிலக் கணக்கில் பார்த்தால் பழசுதான் பாதி விலைக்குப் பக்கம்.

ஆனால் பழசை வாங்குகிற எல்லோர் மனதிலும் ஒரு கனவு இருக்கும். "நாளைக்கு இடித்துக் கட்டும்போது புது வீடு இலவசமாகக் கிடைக்கும்." புரோக்கரும் அதைத்தான் சொல்வார். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்றாகிவிட்டது. முன்பு ஒருவர் முரண்டு பிடித்தாலும் நின்றுவிடும். காகிதத்தில் சுலபம். எங்கள் கட்டிடத்தில் மூன்று வருடமாகப் பேசுகிறோம். ஒருவர் அமெரிக்காவில், கூட்டம் வைத்தால் அவருக்கு நள்ளிரவு. ஒரு வீடு அண்ணன் தம்பி வழக்கில். கீழ் வீட்டுப் பாட்டி "என்னைத் தூக்கிப் போன பிறகு இடிச்சுக்கோங்க" என்கிறார். அவரை யார் வற்புறுத்துவது?

பில்டர் வந்தாலும் முதலில் டேப் வைத்து அளப்பது சாலையின் அகலத்தை. சாதாரணக் கட்டிடத்துக்கு தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். அதற்கு மேல் காசு கட்டி வாங்கும் கூடுதல் அளவு சாலையைப் பொறுத்தது. 9 மீட்டருக்குக் குறைந்தால் கிடைக்காது, 18 மீட்டர் இருந்தால் 50 சதவீதம் வரை. கூடுதல் பரப்பு இல்லையென்றால் அவருக்கு விற்க வீடு இல்லை, உங்களுக்கு இலவச வீடும் இல்லை. உங்கள் தெரு எத்தனை அடி?

---

அயனாவரம்_வாடகைவாசி | ஏப்ரல் 16

கணவர் இன்று காலை அளந்தார். 24 அடி. ஏழு மீட்டர் சொச்சம். கனவு கலைந்தது, நன்றி!

---

ஜவகர்நகர்_ஜன்னல் | ஏப்ரல் 16

அப்படியானால் 62 அதிகம். இடித்துக் கட்டும் ஆசையையும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருக்கிறார். 55லிருந்து பேசத் தொடங்குங்கள். வங்கி மதிப்பீட்டாளரும் 27 வருடக் கட்டிடம் என்று குறைத்துத்தான் போடுவார், அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு இன்னொரு தடவை பேசலாம்.

மொட்டை மாடி ஒழுகல், கீழ்த்தொட்டி, கழிவுநீர்க் குழாய் மூன்றையும் பாருங்கள். சங்கத்தின் கணக்கு நோட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் கணக்கே இல்லை என்று அர்த்தம்.

---

தண்டையார்பேட்டை_தங்கம் | ஏப்ரல் 17

மாமியாரை யாரும் பொருட்படுத்தவில்லை, நானாவது பேசுகிறேன். அவர் சொல்கிற "அந்தப் பக்கமா?" என்பதும் விலையில் இருக்கிறது. அந்த ஒரு வார்த்தையால்தான் வட சென்னையில் இன்றைக்கும் நடுத்தரக் குடும்பம் ஒன்று நகரத்துக்குள்ளேயே, சென்ட்ரலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட ரயில் தூரத்தில், வீடு பற்றி யோசிக்கவாவது முடிகிறது. பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், லூர்து மாதா கோயில், நல்ல மீன், குழாயில் குடிநீர் வாரியத் தண்ணீர். கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக் காற்று எங்கள் பக்கம் அடிக்கிற நாளில் மூக்கைப் பிடித்துக்கொள்வேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வந்து இருங்கள், பழகிவிடும். முதலீட்டுக்கு மட்டும் என்றால் வராதீர்கள்.

---

அயனாவரம்_வாடகைவாசி | மே 4

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஓட்டேரியை விட்டுவிட்டோம். ரேரா பதிவில் முடிக்கும் தேதி அவர்கள் சொன்னதற்கு 15 மாதம் தள்ளி இருந்தது. அதுவரை இஎம்ஐயும் வாடகையும் சேர்த்துக் கட்ட எங்களால் ஆகாது. கணக்குப்பிள்ளை சாருடைய 27 லட்சம் வேறு. அந்த எட்டுக் குடித்தனமும் மனதில் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய்.

ஜவகர் நகர் வீட்டை 57 வரை இறக்கினோம். வக்கீலிடம் கொடுத்தோம். விற்பவரின் அப்பா உயில் எழுதாமல் காலமாகியிருக்கிறார். வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர், விற்கக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்பவர்கள் மூன்று பேர். விடுபட்டவர் மூத்த மகள், சேலத்தில் இருக்கிறார். "அவளுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாச்சு" என்கிறார் தம்பி. வக்கீல், அவருடைய விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது) பதிவாகும் வரை ஒரு ரூபாய் கூட அட்வான்ஸ் தரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதனால் காத்திருக்கிறோம். வாடகை வீட்டை 18,000க்கு 11 மாதம் நீட்டித்துக்கொண்டோம்.

---

பத்திரம்_படிப்பவன் | மே 4

வக்கீலை மாற்றாதீர்கள். அக்காவும் சம வாரிசு, கல்யாணச் செலவு பங்குக்கு ஈடு ஆகாது. அவர் பணம் கேட்டால் அது தம்பிகளின் பிரச்சினை, உங்கள் விலையில் ஏற்றப் பார்ப்பார்கள். ஏறாதீர்கள்.

---

அயனாவரம்_வாடகைவாசி | அக்டோபர் 25

யாராவது இன்னும் இந்த இழையைப் பார்க்கிறீர்களா?

சேலத்து அக்கா செப்டம்பரில் வந்து கையெழுத்துப் போட்டார். தம்பிகள் அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று தெரியாது, பதிவு அலுவலகத்தில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் கிரயத்துக்கு நவம்பரில் நாள் குறித்திருக்கிறோம்.

இந்த வாரம் ராத்திரி பூராவும் மழை. பட்டாளம் ஐயா சொன்னது நினைவுக்கு வந்தது. காலை ஐந்தரைக்கு இரண்டு பேரும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஜவகர் நகர் போய் நின்றோம். தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். கட்டிட வாசலில் மூன்று படி, அதில் முதல் படி முழுகியிருந்தது. பால்காரர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். இவ்வளவுதானா, இன்னும் ஏறுமா என்று கேட்டேன்.

"மிக்ஜாம்ல ரெண்டாவது படிம்மா. மூணாவது ஏறல."

---

பட்டாளம்_பழசு | அக்டோபர் 25

பால்காரர் சொன்னால் சரி. சாலை போடும்போது மட்டும் வெளியே வந்து நின்று சுரண்டச் சொல்லுங்கள்.